சிலிண்டர் கழுத்தில் என் பெயர்

கல்பாத்தி,
20-11-1977

அகிலாண்டத்துக்கு,

நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். ஏழு வருஷமாக உன் வீட்டுக்கு ஒரு கார்டுகூட எழுதாதவன் இன்று எழுதுகிறேன் என்பதால் என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. அது வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கிறது. என் புத்தகத்தைப் பற்றி உன் கணவர் ராஜாராமன் அன்று பந்தியில் செய்த கேலியை நான் ஒரு சொல் விடாமல் நினைவில் வைத்திருக்கிறேன். ஆனால் கோபித்துக்கொள்ள ஆள் உயிரோடு இருக்க வேண்டும். அதற்காக எழுதுகிறேன்.

போன வாரம் தேருக்கு வந்து சேஷம்மாள் சித்தி வீட்டில் தங்கினீர்கள். வழக்கம்போல் பந்தியில் அவர் அந்தக் கோடி, நான் இந்தக் கோடி. சாப்பாடு முடிந்ததும் ஆண்கள் எல்லோரும் கூடத்தில் பாயை விரித்துப் படுத்தார்கள். எனக்கு மத்தியானத் தூக்கம் வராது என்பது உனக்குத் தெரியும். சுவரில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ராஜாராமன் இரண்டு தலையணையும் ஒரு சுருட்டிய ஜமக்காளமும் வைத்து, படுத்தார் என்று சொல்ல முடியாமல் சாய்ந்து கிடந்தார்.

அவர் மூச்சு முதலில் இருக்கிறதா இல்லையா என்பதுபோல் இருந்தது. பிறகு கொஞ்சம் பெரிதானது. இன்னும் பெரிதானது. ஒலவக்கோடு ஸ்டேஷனிலிருந்து ரயில் நெருங்கி வருவதுபோல் கூடம் முழுக்கக் கேட்டது. அப்புறம் ரயில் தாண்டிப் போவதுபோல் சன்னமாகி, சன்னமாகி, நின்றுவிட்டது. மார்பு அசையவில்லை. நான் பேப்பரைக் கீழே வைத்தேன். எழுப்பலாமா என்று கை நீட்டியபோது திடுக்கென்று ஒரு மூச்சை இழுத்தார். மறுபடி முதலிலிருந்து அதே ரயில்.

அப்போது சித்தி வந்தாள். "பாத்தேளாடா! தூங்கறச்சேயும் கும்பகம்! அம்பது வருஷமா பண்ணின பிராணாயாமம் எங்க போகும்?" என்று கை கூப்பினாள். "எஸ்டேட்ல இருந்துண்டே மனுஷன் யோகியாயிட்டாரே" என்றான் யாரோ ஒருவன். நீ காப்பி டம்ளரோடு நின்று பெருமையாகச் சிரித்தாய்.

நான் பார்த்தது வேறு. உதடு நாவல்பழம் தின்றதுபோல் இருந்தது. கணுக்கால் வீங்கியிருந்தது. பாயின் கோரை வரி அதில் பதிந்து, அவர் எழுந்து காப்பி குடித்து, மூக்குப்பொடி போட்டு, இரண்டு பேரைக் கேலி செய்து முடித்த பிறகும் மறையவில்லை.

இது யோகம் இல்லை. இதயம் பழுது. என் பழைய மாணவி ஒருத்தி, பிலோமி என்று பெயர், இப்போது இதய டாக்டராக இருக்கிறாள். அவளுக்கு எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். பதில் வருவதற்குள் அவரை எஸ்டேட் டிஸ்பென்சரியிலாவது காட்டு.

இப்படிக்கு,
கே. வி. லட்சுமிநாராயணன், எம்.எஸ்ஸி.,
பௌதிக விரிவுரையாளர்


பீர்மேடு,
2-12-1977

அண்ணாவுக்கு அநேக நமஸ்காரம்.

சொந்தத் தங்கைக்கு எழுதும் கடிதத்தில் எம்.எஸ்ஸி. போட்டுக் கையெழுத்திடும் அண்ணா இந்த உலகத்தில் நீ ஒருவனாகத்தான் இருப்பாய். அடுத்த தடவை கல்லூரி முத்திரையும் குத்திவிடு.

உன் கடிதம் எப்படி வந்தது தெரியுமா? இங்கே எல்லோருடைய தபாலும் ஒரே பையில் ஆபீசுக்கு வரும். ஹெட் கிளார்க் என்பதால் இவர்தான் பையைப் பிரித்துக் கொடுப்பது. உன் பெயரை மற்ற கிளார்க்குகளுக்கு நடுவில் உரக்கப் படித்தாராம். சாயங்காலம் அதை என் மடியில் போட்டுவிட்டு, "உங்கண்ணா எழுதியிருக்கான். நான் செத்துட்டேன்னு எவனாவது சொல்லிட்டானோ? துக்கம் விசாரிக்க இத்தனை அவசரமா?" என்றார். அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. நானே படித்துச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இருக்கிறது.

"கும்பகம்னா என்னன்னு தெரியுமோ அவனுக்கு? சந்தியாவந்தனத்துக்கு உக்காந்தா பாதியில எழுந்து தெர்மாமீட்டரைத் தேடறவனாக்கும் அவன்! எனக்குப் பூணூல் போட்ட நாள்லேர்ந்து ஒரு வேளை தப்பினதில்லை. மூச்சு நிக்கறதாம், வியாதியாம். மூச்சை நிறுத்தத் தெரியாதவாளுக்கு அது வியாதி." இப்படி இரவுச் சாப்பாடு வரைக்கும் பேசினார். பேசி முடித்ததும் இறைத்தது.

நான் பெருமையாகச் சிரித்தேன் என்று எழுதியிருக்கிறாய். ஆமாம், பெருமைதான். கல்யாணமாகி வந்ததிலிருந்து காலையில் எழுந்ததும் இவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்காருவதைப் பார்க்கிறேன். அதன் பலன் என்று எல்லோரும் சொல்லும்போது எனக்கு மட்டும் சந்தேகம் வரவேண்டுமா?

ஆனால் உன்னிடம் சொல்கிறேன். முன்பெல்லாம் ஒரு தலையணை. மழைக்காலத்தில் இரண்டாயிற்று. இப்போது மூன்று வைத்தும் போதவில்லை என்று பாதித் தூக்கத்தில் எழுந்து ஜன்னலைத் திறந்து நிற்கிறார். இந்தக் குளிரில்! ஆபீசிலிருந்து வீட்டுக்கு ஒரு சின்ன ஏற்றம். நடுவில் இருக்கும் சில்வர் ஓக் மரத்தடியில் நின்று தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர்களை மேற்பார்வை பார்ப்பதுபோல் பார்க்கிறார். கொழுந்துக்கும் ஹெட் கிளார்க்குக்கும் என்ன சம்பந்தம்? மூச்சு வாங்க நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். தெரியாததுபோல் வாசலிலிருந்து உள்ளே போய்விடுவேன்.

மற்றபடி நாங்கள் சௌக்கியம். எங்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

உன் தங்கை,
அகிலாண்டம்

அந்த டாக்டர் பெண் எந்த ஊரில் இருக்கிறாள் என்று எழுதவில்லையே?


கல்பாத்தி,
11-12-1977

அகிலாண்டத்துக்கு,

கோட்டயத்தில் இருக்கிறாள். உங்களுக்கு ஒரே பஸ். பதில் வந்துவிட்டது, மூன்று பக்கம். இந்த ஊரில் கூட வேலை செய்கிறவர்களே என் பெயரைச் சுருக்கிக் கூப்பிடும்போது, "மதிப்பிற்குரிய சாருக்கு" என்று எழுத ஒரு ஆள் கோட்டயத்தில் இருக்கிறது. போகட்டும்.

அவள் எழுதியதை உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். எங்கள் சோதனைச்சாலையில் தண்ணீரை ஒரே சூட்டில் வைத்திருக்கச் சொல்லி ஒரு செய்முறை உண்டு. தெர்மாமீட்டர் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தால் பையன் சரியாகச் செய்துவிடுவான். தெர்மாமீட்டரைத் தூரத்தில் வைத்தால் சூடு ஏறிய சேதி அவனுக்குத் தாமதமாகத்தான் தெரியும். அதற்குள் தண்ணீர் கொதித்துவிடும். பதறி அடுப்பை அணைப்பான். ஆறிப்போன சேதியும் தாமதமாக வரும். அதற்குள் ஜில்லிட்டுவிடும். ராஜாராமனின் இதயம் தளர்ந்துவிட்டது. ரத்தம் மெதுவாக ஓடுகிறது. மூச்சு போதுமா போதாதா என்ற சேதி மூளைக்கு நேரம் கழித்துப் போகிறது. அதனால் ஒரு சமயம் வேண்டியதற்கு மேல் மூச்சு, ஒரு சமயம் மூச்சே இல்லை. நிற்கும் ஒவ்வொரு தடவையும் அந்தத் தளர்ந்த இதயத்துக்கு ஒரு அடி. அது இன்னும் தளர்கிறது.

தொண்டை அடைத்து மூச்சு நிற்கும் இன்னொரு வகையும் உண்டாம். அதற்குக் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைக்கிறார்களாம். நான் எழுதியதை வைத்துப் பார்த்தால் இவருடையது அதுவல்ல என்கிறாள். ஆனால் நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியுமாம். நீர் இறங்கவும் இதயத்துக்கும் மருந்து. தூங்கும்போது மூக்கு வழியாக ஆக்ஸிஜன். அது உள்ளே போனால் மூச்சு நிற்பது குறையும் என்கிறாள். அடியோடு குணமாகும் என்று சத்தியம் செய்யவில்லை. செய்திருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

கும்பகம் என்றால் எனக்குத் தெரியாது என்றாரா? வீட்டுக்காரன் கதவைச் சாத்துவது கும்பகம். காற்றில் கதவு தானாக அடித்துக்கொள்வது வேறு. இதை அவரிடம் சொல்.

எப்படியாவது அழைத்துக்கொண்டு போ. என்ன பொய் வேண்டுமானாலும் சொல். சிலிண்டருக்கு நான் ஏற்பாடு செய்கிறேன்.

கே. வி. லட்சுமிநாராயணன், எம்.எஸ்ஸி.


பீர்மேடு,
8-1-1978

அண்ணாவுக்கு நமஸ்காரம்.

எனக்குப் பல்வலி என்று சொல்லி அழைத்துக்கொண்டு போனேன். கோட்டயம் பஸ்ஸில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்ததில் நிஜமாகவே வலி வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் பிலோமி வந்து, "நீங்கதானே ராஜாராமன் சார்? உள்ள வாங்கோ" என்றதும் இவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "பல்லு எனக்கா உனக்காடி?" என்றார். ஆனால் பெண்பிள்ளைக்கு முன்னால் சண்டை போட முடியாமல் போனார்.

அவள் பாலக்காட்டில் படித்தவள் என்பதால் நம்மைப் போலவே பேசுகிறாள். மட்டமாகப் படுக்கச் சொன்னாள். படுத்த சுருக்கில் எழுந்துவிட்டார். காலை அழுத்திப் பார்த்தாள். எக்ஸ்ரே, இ.சி.ஜி. எல்லாம் எடுத்தாள். இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "டாக்டரம்மா, இதெல்லாம் அம்பது வருஷ அப்பியாசம். மூச்சு நிக்கறதுன்னு பயப்படவேண்டாம்" என்றார்.

"அப்படியா சார்? எனக்கும் பாக்கணும்னு ஆசை. இப்ப ஒருதரம் பண்ணிக் காட்டுங்கோ."

இவர் சப்பணம் போட்டு உட்கார்ந்து மூக்கைப் பிடித்தார். முகம் சிவந்தது. அவள் தன் கைக்கடிகாரத்தைக்கூடச் சரியாகத் திருப்பியிருக்க மாட்டாள், அதற்குள் இருமல் வந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டார். அவள் முதுகைத் தடவிக்கொடுத்து, ரொம்ப மெதுவாகத்தான் கேட்டாள்: "முழிச்சிண்டிருக்கறச்சே முடியாதது தூங்கறச்சே எப்படி சார் முடியும்?"

திரும்பும்போது முண்டக்கயத்தில் பஸ் நின்றபோது, "எத்தனை நாளா தெரியும் உனக்கு?" என்று மட்டும் கேட்டார். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொண்டை அடைப்பு இல்லையாம். கழுத்தில் துளை எல்லாம் வேண்டாம். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார். கால் வீக்கம் இறங்கியிருக்கிறது. உன் சிலிண்டரும் கம்பெனி ஜீப்பில் வந்து சேர்ந்தது. நான்கு பேர் சேர்ந்து இறக்கினார்கள். கழுத்தில் கம்பி போட்டு ஒரு அட்டை, அதில் உன் முழுப்பெயர், எம்.எஸ்ஸி., கல்பாத்தி. ஒரு காத தூரத்திலிருந்து படிக்கலாம். அதை எழுதாவிட்டால் காற்று வெளியே வராதா அண்ணா?

ஆனால் அது சும்மாதான் நிற்கிறது. கம்பவுண்டர் ஏசுதாஸ் டிஸ்பென்சரி மாஸ்க்கைக் கொண்டுவந்து மாட்டிக் காட்டினார். இவர் மாட்டேன் என்றுவிட்டார். "எச்சில். லயத்துல குடியிருக்கற கூலிக்காரா அத்தனை பேரும் வாயில வெச்சிண்ட ரப்பர்."

ஏசுதாஸ், "கொதிக்கிற தண்ணில போட்டு எடுத்ததுதான் சார்" என்றார்.

"எச்சில் கொதிச்சா போயிடுமா?"

டிஸ்பென்சரி ஆயா சுருளியம்மாள் சிலிண்டரோடு கூட வந்திருந்தாள். அவளுக்கு வாய் சும்மா இருக்காது. "ஏங்கய்யா, ஊருக்கெல்லாம் குத்துன ஊசியத்தானே போன வாரம் ஒங்களுக்கும் குத்துனாக? அப்ப எச்சி இல்லையாக்கும்?" என்றாள்.

"ஊசியை வாயில வெச்சுக்கறதில்லை."

"மாஸ்க்க கடிச்சா திங்கப்போறீக?"

இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் மாட்டிக்கொள்ளவில்லை. இரவில் அதே ரயில்தான் வந்து போகிறது. முன்பு அது ஓடுவதைக் கேட்டுக்கொண்டே தூங்குவேன். இப்போது நிற்கும் இடத்தில் எனக்கும் நிற்கிறது. சிலிண்டர் மேல் என் மடிப்புடவை உலர்கிறது.

உன் தங்கை,
அகிலாண்டம்


கல்பாத்தி,
17-1-1978

அகிலாண்டத்துக்கு,

கோயம்புத்தூர் போய் மூக்கில் வைக்கும் ரப்பர் குழாய் வாங்கி வந்தேன். புதிது. உறை பிரிக்காதது. எந்த லயத்து வாயிலும் படாதது. பார்சலில் அனுப்பியிருக்கிறேன். மாஸ்க் வேண்டாம், இதுவே போதும் என்று பிலோமியும் சொல்லிவிட்டாள். அந்த மூக்கில் அத்தனை பொடி ஏறுகிறது. இது ஏறாதா?

அட்டையில் என் பெயர் எழுதச் சொன்னது நான்தான். ஏன் எழுதக்கூடாது? சிலிண்டருக்குப் பணம் கட்டக் கோட்டயம் போனபோது கடைக்காரன் டாக்டர் பெயரில் அனுப்பவா என்று கேட்டான். வேண்டாம், எழுது, முழுசாக எழுது என்று கூட நின்று எழுதவைத்தேன். எனக்கு ஏன் அப்படித் தோன்றியது என்று உனக்குத் தெரியாது என்றால் கேள்.

ராப்பகலாக நான் எழுதிய செய்முறைப் புத்தகம். ஒவ்வொரு படமும் என் கையால் போட்டது. அச்சாகி வந்தபோது அட்டையில் எங்கள் துறைத் தலைவரின் பெயர். முன்னுரையில்கூட நான் இல்லை. அந்தப் புண் ஆறாமல் இருந்த வருஷம் தேருக்கு நீங்கள் வந்தீர்கள். ரசம் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். உன் கணவர் அந்தக் கோடியிலிருந்து கூவினார்: "என்ன ஓய், புஸ்தகம் வந்துடுத்தாமே! கல்யாணப் பந்தல் போட்டது நீர், மாப்பிள்ளையா ஜானவாசக் காரில் ஏறினது வேற ஒருத்தராமே!" பந்தி முழுக்கச் சிரித்தது. எச்சில் கையோடு நான் எழுந்து போனேன். யாரும் கூப்பிடவில்லை.

சிரித்தவர்களில் நீயும் ஒருத்தி. ரசப் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாய். நான் பார்த்தேன்.

குழாய் கிடைத்ததும் மாட்டு. இனி எச்சில் என்ற சாக்கு இல்லை.

கே. வி. லட்சுமிநாராயணன், எம்.எஸ்ஸி.


பீர்மேடு,
6-2-1978

அண்ணா,

ஆமாம், சிரித்தேன். அவர் சொன்ன விதம் சிரிப்பாக இருந்தது, சிரித்துவிட்டேன். நீ எழுந்து போன பிறகு உன் இலையை நான்தான் எடுத்தேன். வைத்த சாதம் வைத்தபடி இருந்தது. அதை ஏழு வருஷமாக நானும் மறக்கவில்லை. இதற்கு மேல் இப்போது அதைப் பற்றிப் பேச எனக்குத் தெம்பில்லை.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் இவர் ஆபீஸ் நாற்காலியிலேயே தூங்கியிருக்கிறார். தபால் பை பிரித்தபடி மேஜை மேல் கிடக்கிறது. ஐயா கும்பகத்தில் இருக்கிறார் என்று கிளார்க்குகள் சத்தம் போடாமல் வேலை செய்தார்களாம். எல்லோருக்கும் நாம் சொல்லி வைத்ததுதானே! நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்த பிறகுதான் ஓடி வந்திருக்கிறார்கள். ஜீப்பில் டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனார்கள். நான் போனபோது வாயில் நுரை. முகம் சிலேட்டு மாதிரி. ஏசுதாஸ் ஊசி போட்டு, அதே பழைய மாஸ்க்கை மூஞ்சியில் வைத்து அழுத்திக்கொண்டு இருந்தார். டிஸ்பென்சரி சிலிண்டரில் தண்ணீர் புட்டி ஒன்று இருக்கிறதல்லவா, அதில் குமிழி வந்துகொண்டே இருந்தது. நான் இவரைப் பார்க்கவில்லை. குமிழியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது நின்றால் எல்லாம் நின்றுவிடும் என்று தோன்றியது.

சாயங்காலம் கண் திறந்தார். மூஞ்சியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "இது யாரோடது?" என்றார்.

சுருளியம்மாள், "போன வாரம் பெரியமுத்து கெழவன் போட்டிருந்தாரு, அதுக்கு முந்தி ஒரு பிள்ளத்தாச்சி. எடுத்துரவாய்யா?" என்றாள்.

மாஸ்க்கிலிருந்து கையை எடுத்தார். "இருக்கட்டும்" என்றார்.

அன்று இரவு அங்கேயே தூங்கினார். அண்ணா, நான் கல்யாணமாகி வந்த புதிதில் கேட்ட மூச்சு அது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இரண்டொரு தடவை தயங்கிற்று, அவ்வளவுதான். பிலோமி சொன்னது சத்தியம்.

வீட்டுக்கு வந்து நீ அனுப்பிய குழாயைப் பிரித்தேன். எச்சில் போன பிறகு இனி என்ன தடை என்று நினைத்தேன். சிலிண்டர் பக்கம் கட்டிலை இழுத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அந்தப் பேரைப் பாத்துண்டு என்னால தூங்க முடியாது."

"எந்தப் பேரை?"

"கண்ணு தெரியலையா உனக்கு? கழுத்துல பதக்கம் மாதிரி தொங்கறதே. ஒவ்வொரு மூச்சுக்கும் எம்.எஸ்ஸி.க்கு நான் கடன்பட்டவனாக்கும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில், "அவன் மட்டும் எழுதலைன்னா நீங்க மார்கழியிலேயே போயிருப்பேள்" என்று சொல்லிவிட்டேன். சொல்லக்கூடாதுதான். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பேர் இல்லாம வந்தா யாராத்துக் காத்தோ எனக்கென்ன தெரியும்? மூக்குல வெச்சுண்டுட்டுப் போறேன்."

அட்டையை நானே அறுத்து எறிந்திருப்பேன். ஆனால் சிலிண்டர் வாராவாரம் தீரும்; கோட்டயத்திலிருந்து வருவதிலெல்லாம் உன் பெயர் வரும். அது மட்டுமில்லை. உனக்குத் தெரியாமல் உன் பெயரை எடுக்க எனக்குக் கை வரவில்லை. ஒரு தடவை உனக்கு அப்படிச் செய்திருக்கிறார்கள். இன்னொரு தடவை நானும் செய்யவா?

டாக்டர் இன்னொரு தடவை இப்படி வந்தால் தாங்காது என்று சொல்லியனுப்பியிருக்கிறாள். நீ சொல்லு. எனக்கு எதுவும் தோன்றவில்லை.

அகிலாண்டம்


கல்பாத்தி,
10-2-1978

அகிலா,

உன் கடிதத்தைப் படித்ததும் கிழிக்கப் போனேன். என் பெயரை எடுக்கச் சொல்லி இது இரண்டாவது தடவை. முதல் தடவை கேட்காமல் எடுத்தார்கள். இந்தத் தடவை கேட்டு எடுக்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன்.

இன்று முதல் வருஷத்துப் பையன்களுக்குச் செய்முறை. மேஜைக்கு மேஜை அந்தப் புத்தகம் திறந்து கிடந்தது. அட்டை போன பிரதிகள் பாதிக்கு மேல். எவனும் அட்டையைத் தேடவில்லை. நான் போட்ட படத்தைப் பார்த்தான், கருவியைப் பூட்டினான், அளவு சரியாக வந்ததும் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்துச் சிரித்தான். நான் ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இதனால் எனக்கு ஆறுதல் வந்துவிட்டது என்று எழுதினால் பொய். அந்தத் துறைத் தலைவரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை. ஆனால் புத்தகம் வேலை செய்கிறது. அதுவும் நிஜம்தான்.

இனி நான் சொல்வதைக் கேள். இன்றைக்கே செய்.

சிலிண்டர் கழுத்தில் கம்பியை முறுக்கித் திற. அட்டையை எடுத்து அடுப்பில் போடு. சிலிண்டர் பக்கத்தில் அல்ல, அடுக்களைக்குக் கொண்டுபோய். அதே காரணத்துக்காகச் சுவாமி விளக்கையும் ஊதுவத்தியையும் அந்த அறையிலிருந்து எடுத்துவிடு. ஆக்ஸிஜன் இருக்கும் இடத்தில் நெருப்பு கூடாது. சுவாமி அடுத்த அறையில் இருந்தால் கோபித்துக்கொள்ள மாட்டார். அவருக்கும் உன் கணவருக்கும் அந்த வித்தியாசம் உண்டு. சிலிண்டர் மீட்டரின் முள்ளைப் பிலோமி குறித்த கோட்டில் நிறுத்து. அதிகம் திறந்தால் அதிக நன்மை என்று உனக்கு ஆசை வரும். வேண்டாம். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வை. படுப்பதற்கு முன் மூக்கைக் கழுவச் சொல். பொடியும் குழாயும் ஒன்றாக இருக்க முடியாது.

கோட்டயம் கடைக்கும் எழுதிவிட்டேன். இனி வாராவாரம் வரும் சிலிண்டரில் அட்டை இருக்காது. கடைக்காரன் பெயரில்லாமல் அனுப்பமாட்டேன் என்றால் பிலோமி தன் பெயரைக் குறித்துக்கொள்வாள். அவளுக்கும் எழுதியாயிற்று. "சார், நீங்களா இதைச் சொல்றேள்?" என்று கேட்டு எழுதுவாள். அடுத்த வாரம் அந்தக் கடிதம் வரும். பதில் போட மாட்டேன்.

அவரோடு நான் சமாதானம் ஆகிவிட்டேன் என்று அவரிடம் சொல்லாதே. ஆகவில்லை. பந்தலையும் ஜானவாசக் காரையும் வைத்து அவர் செய்த கேலிக்கு எனக்கு ஒரு பதில் இருக்கிறது. அன்றைக்கு வாயில் வரவில்லை. ஏழு வருஷம் யோசித்துத் தீட்டி வைத்திருக்கிறேன். வரும் தேருக்கு அவர் வர வேண்டும். சித்தி வீட்டுப் பந்தியில் அவருக்கு நேர் எதிரே இலை போட்டு உட்காரப் போகிறேன். எல்லோரும் கேட்கச் சொல்லப் போகிறேன். அதற்கு அவர் பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்ல மூச்சு வேண்டும். அந்த மூச்சைத்தான் அனுப்புகிறேன் என்று வைத்துக்கொள்.

அன்றைக்கும் நீதான் ரசம் பரிமாற வேண்டும். சிரிப்பு வந்தால் சிரி. யார் பக்கம் நின்று சிரிக்கிறாய் என்று பார்க்கிறேன்.

இந்தக் கடிதமும் தபால் பையில்தான் வரும். உடம்பு தேறி ஆபீசுக்குப் போக ஆரம்பித்திருந்தால் அவர் கைக்குத்தான் முதலில் கிடைக்கும். உறையின் பின்பக்கத்தைத் திருப்புவார். அனுப்புகிறவர் பெயர் எழுதும் அந்த இடத்தில் ஒன்றும் இருக்காது. முன்பக்கத்து எழுத்தைப் பார்த்ததும் யார் என்று தெரிந்துவிடும். அவரும் மக்கு அல்ல. தெரியட்டும். தெரிந்தும் தெரியாதவர்போல் அதை உன் மடியில் போட அவருக்கு ஒரு காலி இடம் வேண்டும். அதை விட்டுவைக்கிறேன்.

அடியில் என்ன போடுவது என்று பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்தேன். எம்.எஸ்ஸி. வேண்டாம். உன் அண்ணா என்று போடலாம். ஏழு வருஷம் போடாத கைக்கு அது இன்னும் வரவில்லை. பெட்டித் தபால் எடுக்க ஆள் வரும் நேரமாகிவிட்டது. கையெழுத்துப் போடாமல் இப்படியே ஒட்டி, நானே போய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வருகிறேன்.